லேப் அக்காவின் இடது பக்கங்கள்

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. ஆறாம் வகுப்புப் பொடிசுகளிலிருந்து தலைமையாசிரியை வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் வீடு இருந்த குடியிருப்பிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன்கூட, விளையாட்டாகக் கூப்பிடுவதென்றால், "லேப் அக்கா, ஒரு டீ கிடைக்குமா?" என்பான்.

பதினான்கு வருஷமாக அவள் பார்த்த வேலை இதுதான். சோதனைக் குழாய்களை பிரஷ்ஷால் கழுவி, தலைகீழாகக் கவிழ்த்துக் காய வைப்பது. அமிலத்தைத் தண்ணீரில் கலந்து பாட்டில்களில் நிரப்பிப் பெயர் ஒட்டுவது. பிள்ளைகள் உடைத்ததைப் பெருக்குவது. எந்த வகுப்புக்கு எந்த நாளில் என்ன வேண்டும் என்று முதல் நாளே மேஜைமேல் எடுத்து வைப்பது. பன்னிரண்டாவது வரைக்கும் அறிவியல் படித்தவள். அதற்குமேல் படிக்க வாய்க்கவில்லை. வாய்க்காததை நினைத்து மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ஆளும் இல்லை. சாமான்கள் கையில் இருக்கின்றன, கண் இருக்கிறது, போதும் என்று இருந்தாள்.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தது அவள் மகள். ஓரிடத்தில் நிற்காததால் அவளுக்கு வாலு என்று பெயர். ஆறு வயதில் ஒரு நாள், அம்மா முட்டை உடைப்பதைப் பார்த்து, "ஓட்டை உடைக்காம கழட்ட முடியாதாம்மா?" என்று கேட்டாள். வேறொரு அம்மாவாக இருந்தால் "போய்ப் படி" என்றிருப்பாள். லேப் அக்கா ஒரு முட்டையை வினிகரில் போட்டு அலமாரியில் வைத்தாள். இரண்டு நாள் கழித்து ஓடு முழுக்கக் கரைந்து, முட்டை ரப்பர் பந்து மாதிரி வழவழவென்று வெளியே வந்தது. வாலு அதைக் கையில் ஏந்திக்கொண்டு மூன்று மாடியும் ஏறி இறங்கிக் காட்டிவிட்டு வந்தாள். முதல் மாடி வாசலில் அது கீழே விழுந்து உடைந்தது வேறு கதை.

அடுத்த சனிக்கிழமை மதியம் வாசலில் நாலு பிள்ளைகள் நின்றார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை ஒன்பது. லேப் அக்கா ஒரே ஒரு சட்டம் போட்டாள்: பிள்ளையோடு வீட்டுப் பெரியவர் ஒருத்தராவது வரணும். வந்தவர் சும்மா உட்காரக் கூடாது. பிள்ளையை விட்டுவிட்டு நழுவப் பார்த்த ஒரு மீசைக்கார அப்பாவைப் பிடித்து, தண்ணீர் நிறைந்த டம்ளரையும் தையல் ஊசியையும் கொடுத்து, "இதை மிதக்க விடுங்க" என்றாள். அரை மணி நேரம் அந்த மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, காகிதத் துண்டின்மேல் ஊசியை வைத்து, காகிதம் நனைந்து மூழ்கி ஊசி மட்டும் தண்ணீர்மேல் நின்றபோது, மகனைவிடப் பெரிதாகக் கத்தினார். அதற்குப் பிறகு அவரை நழுவச் சொன்னாலும் நழுவவில்லை.

அவளுடைய பெரிய கண்டுபிடிப்பு மெழுகுவர்த்தியில்தான். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, டம்ளரைக் கவிழ்த்தால், திரி அணைந்ததும் தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்ஸிஜன் தீர்ந்துபோன இடத்துக்குத் தண்ணீர் வருகிறது என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். லேப் அக்காவுக்கு ஒரு நாள் சமையலறையில் நின்றபடியே சந்தேகம் வந்தது. அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்தி வைத்தால்? டம்ளர் அதே டம்ளர், ஆக்ஸிஜனும் அதே அளவுதானே? வைத்துப் பார்த்தாள். தண்ணீர் முன்னைவிட ரொம்ப உயரம் ஏறியது. அப்படியானால் விஷயம் சூட்டில் இருக்கிறது. சூட்டில் விரிந்த காற்று டம்ளர் விளிம்பு வழியே குமிழி விட்டு வெளியே போகிறது. மிச்சம் இருப்பது ஆறிச் சுருங்கும்போது தண்ணீர் ஏறுகிறது. பாடப்புத்தகத்தை அடுப்படியில் நின்றே மடக்கிவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்குக் குழம்பு அடிப்பிடித்தது. "நான் ஆளுங்களை மேல ஏத்துறேன், இவ தண்ணியை மேல ஏத்துறா. குடும்பமே ஏத்துற குடும்பம்" என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

இதையெல்லாம் அவள் கெட்டி அட்டை போட்ட ஒரு நீள நோட்டில் எழுதி வைத்தாள். வலது பக்கத்தில் செய்முறை: என்ன சாமான், எவ்வளவு, எப்படி. அந்தப் பக்கம் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எதிரே இடது பக்கத்தில், என்னென்ன தப்பாகப் போனது, யார் எங்கே தடுமாறினார்கள், எதைச் செய்யவே கூடாது என்பதெல்லாம். அந்தப் பக்கம் கோழி கிண்டின மாதிரி இருக்கும். செய்துகொண்டே ஈரக் கையோடு எழுதியவை அவை. மூன்று வருஷத்தில் எழுபத்தோரு சோதனைகள் சேர்ந்தன.

பள்ளிக்கூடத்து கெமிஸ்ட்ரி டீச்சர் இந்தச் சனிக்கிழமைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாற்காலி போட்டபோது வேண்டாமென்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். புடவை முழுக்கச் சோப்பு நுரை பட்டும் முகம் சுளிக்கவில்லை. லேப் அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. லேபில் இருவரும் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். டீச்சரின் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும், டீச்சரின் மகன் லேப் அக்கா வீட்டில்தான் தூங்கினான். "அக்கா, எனக்குக் கூடப்பிறந்த அக்கா இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பா" என்று டீச்சர் ஒரு நாள் சொன்னபோது, லேப் அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு கழுவிய குடுவையையே மறுபடி கழுவினாள்.

நோட்டை முதன்முதலில் பார்த்தபோது டீச்சர் ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"அக்கா, இது புத்தகமா வரணும்" என்றாள் கடைசியில். "வீட்டுல அப்பா அம்மா பிள்ளைங்க சேர்ந்து செய்யற மாதிரி இவ்ளோ சுலபமா யாரு எழுதியிருக்கா? என்கிட்ட குடுங்க. நான் டைப் அடிச்சுப் பதிப்பகத்துல பேசறேன். நம்ம ரெண்டு பேர் பேரும் போட்டு வரட்டும்."

"என் பேரெல்லாம் எதுக்கு டீச்சர்?" என்றாள் லேப் அக்கா. வாய் அப்படிச் சொன்னதே தவிர, அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அட்டையில் தன் பெயரை எந்த எழுத்தளவில் போடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே போனாள்.

"நகல் எடுத்து வச்சுக்கிட்டு குடு" என்றான் கணவன்.

"கூடப்பிறந்தவ மாதிரி பழகுறவகிட்ட நகல் எடுத்துட்டா குடுப்பாங்க?" என்று அவன் வாயை அடைத்தாள்.

நோட்டைக் கொடுத்து எட்டு மாதம் போயிற்று. பள்ளியில் குடும்ப அறிவியல் நாள் வந்தது. அன்று காலை ஏழு மணிக்கே போய், மைதானத்தில் மேஜைகளைப் போட்டு, தட்டு, டம்ளர், மெழுகுவர்த்தி, பால் கிண்ணம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தவள் லேப் அக்காதான். அப்போது ஆட்டோவில் நாலு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. "அக்கா, இதையும் பிரிச்சு அடுக்கிடுங்க" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கத்தியால் டேப்பைக் கிழித்துத் திறந்தாள்.

வழவழப்பான அட்டை. டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகள் எரிகிற படம். நோட்டில் அவள் வரைந்திருந்த அதே கோணம். கீழே டீச்சரின் பெயர். அவள் பெயர் அட்டையில் இல்லை. உள்ளே முதல் பக்கத்தில் இல்லை. பின்னட்டையில் டீச்சரும் மகனும் சிரிக்கிற புகைப்படம். கடைசியில் நன்றி என்ற தலைப்பில் தலைமையாசிரியை, கணவர், மாமனார், பதிப்பாளர், ஓவியர் எல்லோருக்கும் பிறகு ஒரு வரி: "ஒத்துழைத்த ஆய்வக ஊழியர்களுக்கும்." அந்த லேபில் இருந்த ஊழியர்கள் என்றால் அவள் ஒருத்திதான்.

புத்தகங்களை அடுக்கினாள். கை தன் பாட்டுக்கு அடுக்கியது. டீச்சர் வந்ததும் ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஐயோ அக்கா, சொல்லணும்னே இருந்தேன். பதிப்பகத்துல பட்டம் வாங்கினவங்க பேருதான் போடணும்னு ஒத்தக் கால்ல நின்னுட்டாங்க. அடுத்த பதிப்புல பாருங்க, கண்டிப்பா போட்டுடலாம்."

"என் நோட்டு?"

"வீட்டுலதான் எங்கயோ இருக்கு. தேடித் தர்றேன்."

கூட்டம் சேர்ந்தது. அப்பா அம்மாக்களும் பிள்ளைகளும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். டீச்சர் மைக்கைப் பிடித்தாள். லேப் அக்கா வழக்கம்போலப் பக்கத்தில் நின்று தட்டைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் டம்ளரைக் கவிழ்த்தாள், தண்ணீர் ஏறியது, எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஒரு நாள் சமையலறையில நின்னுட்டிருந்தேன்" என்றாள் டீச்சர், சிரித்துக்கொண்டே. "திடீர்னு தோணுச்சு, மூணு மெழுகுவர்த்தி வச்சா என்ன ஆகும்னு. அன்னைக்கு எங்க வீட்டுக் குழம்பு அடிப்பிடிச்சுப் போச்சுன்னா பாருங்களேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். புத்தகத்தில் பெயர் இல்லாததைக்கூட எப்படியோ விழுங்கிவிட்டிருப்பாள். அந்தக் குழம்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தன் வீட்டு அடுப்பை, தன் வீட்டுச் சிரிப்பை ஒருத்தி தூக்கிக்கொண்டு போய் மைக்கில் பேசுகிறாள், தட்டைப் பிடித்துக்கொண்டு தான் பக்கத்திலேயே நிற்கிறோம். முன்வரிசையில் வாலு உட்கார்ந்திருந்தாள். சிரிக்காமல் அம்மாவையே பார்த்தாள். லேப் அக்காவின் கையில் தட்டு ஆடி, தண்ணீர் மேஜைத்துணியில் வழிந்தது.

"பார்த்து அக்கா" என்றாள் டீச்சர் மைக்கிலேயே.

அந்த வாரத்தோடு வீட்டில் நடந்த சனிக்கிழமைக் கூட்டம் நின்றது. வந்தவர்களிடம் உடம்பு சரியில்லை என்றாள். மீசைக்கார அப்பா மட்டும் மூன்று வாரம் தொடர்ந்து வந்து, மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

விபத்து நடந்தது ஐந்தாவது வாரம். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் பேக்கரி வைத்திருப்பவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் புத்தகத்தைப் பிரித்து, பிள்ளைகளோடு ராக்கெட் செய்ய உட்கார்ந்தார். ஒரு பாட்டிலில் வினிகரும் சமையல் சோடாவும் போட்டு, வாயை இறுக அடைத்துத் தலைகீழாக நிறுத்தினால், உள்ளே சேரும் வாயு பாட்டிலை மேலே தூக்கி அடிக்கும். புத்தகத்தில் அவ்வளவுதான் இருந்தது. அவர் எடுத்தது கண்ணாடிச் சாஸ் பாட்டில். இறுக அடைப்பதென்றால் திருகு மூடிதானே என்று நன்றாகத் திருகினார். இடம், சமையலறைத் தரை. பாட்டில் பறக்கவில்லை, வெடித்தது. அவருக்குத் தாடையிலும் முழங்கையிலும் சேர்த்துப் பதினொரு தையல். பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றதால் தப்பித்தார்கள்.

செய்தி கேட்டதும் லேப் அக்காவின் கை தன்னையறியாமல் இடது மணிக்கட்டைத் தடவியது. அங்கே ஒரு பழைய தழும்பு இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் இதே ராக்கெட்டை ஜாம் பாட்டிலில் செய்து பார்த்து, அது பாத்திரம் கழுவும் தொட்டிக்குள்ளேயே வெடித்துக் கிடைத்த தழும்பு. அன்றே, ரத்தம் நின்ற கையோடு, இடது பக்கத்தில் எழுதினாள்: "கண்ணாடி கூடவே கூடாது. பிளாஸ்டிக் மட்டும். திருகு மூடி கூடாது, தக்கை மட்டும். வெட்டவெளி. பத்தடி தள்ளி நிற்கணும்." டீச்சர் புத்தகத்துக்கு எடுத்தது வலது பக்கங்களை மட்டும். முத்து முத்தாக இருந்ததை எடுத்துக்கொண்டு, கோழி கிண்டினதை விட்டுவிட்டாள்.

மறுநாள் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டார்கள். டீச்சர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தாள். லேப் அக்கா நின்றாள்.

"மேடம், நான் ஒண்ணும் சொந்தமா எழுதல" என்றாள் டீச்சர், குரல் உடைய. "அந்தம்மா குடுத்த குறிப்புல அப்படித்தான் இருந்துச்சு. நான் நம்பி அப்படியே போட்டுட்டேன்."

அந்தம்மா. மூன்று வருஷமாக அக்கா. ஒரே நாளில் அந்தம்மா. புகழ் வந்தபோது இல்லாத அவள் பங்கு, பழி வந்தவுடன் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது.

"இடது பக்கத்தைப் படிச்சீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள்.

"எந்த இடது பக்கம்?"

"நோட்டைக் கொண்டு வாங்க."

இத்தனை நாள் எங்கோ கிடந்த நோட்டு மறுநாள் காலையிலேயே கிடைத்துவிட்டது. தலைமையாசிரியையின் மேஜைமேல் லேப் அக்கா அதைப் பிரித்தாள். ராக்கெட் இருந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் எச்சரிக்கை இல்லை. வேறு ஏதோ சோதனையின் குறிப்பு இருந்தது. நடுவில் ஒரு தாளையே காணோம். தையலுக்குப் பக்கத்தில் கிழித்த விளிம்பு மட்டும், நகம் அளவுக்கு, நீட்டிக்கொண்டிருந்தது.

பெயரைப் போடாதது பேராசை, மைக்கில் பேசியது மினுக்கு என்று ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதை டீச்சர் தன் வீட்டில் உட்கார்ந்து, யோசித்து, கையால் கிழித்திருக்கிறாள். அதே கை லேப் அக்காவின் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்ட கை.

ஆனாலும் லேப் அக்காவின் மூளை வேலை செய்தது.

"மேடம், தாளுக்கு ரெண்டு பக்கம் உண்டு இல்லையா? இந்தக் கிழிஞ்ச தாளோட பின்பக்கத்துலதான் எச்சரிக்கை இருந்துச்சு. அதோட முன்பக்கத்துல இருந்தது பலூன் ஊதுற சோதனை. அதுவும் சேர்ந்து போயிருக்கு, பாருங்க. நோட்டுல வேற எங்கயும் பலூன் கிடையாது." புத்தகத்தை எடுத்து இருபத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். "ஆனா புத்தகத்துல பலூன் இருக்கு. நான் பேசற மாதிரியே, 'முதல்ல சோடாவைப் பலூன் வயித்துக்குள்ள போடு'ன்னு. இவங்க டைப் அடிச்சப்ப அந்தத் தாள் இருந்திருக்கு. இப்ப இல்ல."

டீச்சர் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். தலைமையாசிரியை முட்டாள் இல்லை. அவருக்குப் புரிந்தது என்பது அவர் கண்ணாடியைக் கழற்றிய விதத்திலேயே தெரிந்தது.

"சரிம்மா, நடந்தது நடந்துபோச்சு" என்றார். "ஸ்கூல் பேரு இதுல மாட்டியிருக்கு. டீச்சர் எழுதின புத்தகம்னு நாமளே எல்லாருக்கும் குடுத்தோம். இப்ப தப்பு அவங்க பக்கம்னா நம்ம பக்கம்னு ஆயிடும். நீங்க, என் குறிப்புல ஒரு விஷயம் விட்டுப்போச்சுன்னு ஒரு கடிதம் மட்டும் எழுதிக் குடுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராம நான் பார்த்துக்கறேன்."

"விட்டுப்போகல மேடம். கிழிச்சுப் போட்டிருக்காங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? நோட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மாலை நேரே பேக்கரிக்குப் போனாள். தாடையில் கட்டோடு அவர் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் மனைவி பன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். லேப் அக்கா தான் யாரென்று சொல்லி, மணிக்கட்டுத் தழும்பைக் காட்டினாள்.

"இது எனக்கு வெடிச்சது. இதுல இருந்து நான் கத்துக்கிட்டதை எழுதி வச்சிருந்தேன். அது உங்க கைக்கு வந்து சேரல. சோதனை என்னோடதுதான். அதனால மன்னிப்பு கேக்க வந்தேன்."

அவர் மனைவி பன் தட்டை ஓங்கி வைத்தாள். "மன்னிப்பா? பிள்ளைங்க கண்ணுல பட்டிருந்தா? உங்க சயின்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம், போங்க" என்றாள். லேப் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் திட்டு நியாயமானது, சரியான ஆளுக்குத்தான் போகவில்லை. பேக்கரிக்காரர்தான் கட்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டார்: "புத்தகம் இன்னும் எத்தனை வீட்டுல இருக்கு?"

அவளுக்குச் சுரீர் என்றது. நாலு பெட்டி. இருநூறு வீடாவது இருக்கும். இரண்டு நாளாகத் தன் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை மறந்துபோனாள்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் மூன்று பேர் நின்றார்கள்: லேப் அக்கா, சீருடையில் லிஃப்ட் மெக்கானிக், வாலு. கையில் ஒரே மாதிரி சின்னத் துண்டுக் காகிதங்கள். "இந்தப் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால் இருபத்து மூன்றாம் பக்கத்தில் இதை ஒட்டுங்கள். கண்ணாடி கூடவே கூடாது" என்று ஆரம்பித்து நாலு வரி. யாரையும் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. பிள்ளையை விட வந்த ஒவ்வொருத்தர் கையிலும் திணித்தார்கள். மீசைக்கார அப்பா வண்டியை நிறுத்தி, ஒரு கட்டைப் பிடுங்கிக்கொண்டு பின் வாசலுக்கு ஓடினார். கெமிஸ்ட்ரி டீச்சர் ஸ்கூட்டரில் வந்தாள். வாலு அவளிடமும் ஒன்றை நீட்டினாள். டீச்சர் வாங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே போய்விட்டாள்.

பத்து மணிக்கு லேப் அக்காவைக் கூப்பிட்டு, இன்றோடு வரவேண்டாம் என்றார்கள். சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தாள். பத்தாம் வகுப்புக்கு எடுத்து வைத்திருந்த குடுவைகளை ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் போனாள்.

நாலு மாதம் அலைந்து, நகரத்துக் குடிநீரைச் சோதிக்கிற ஒரு நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கேயும் கழுவுவதும் கலப்பதும்தான். ஆனால் ஒவ்வொரு அறிக்கையின் அடியிலும் சோதனை செய்தவர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் நாள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டாளாம்.

புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தது. ராக்கெட் பக்கத்தில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டிருந்தார்கள், வாசலில் கொடுத்த துண்டுக் காகிதத்தில் இருந்த அதே நாலு வரி, எழுத்துப் பிசகாமல். அட்டையில் அதே ஒற்றைப் பெயர். கடையில் நின்று பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள். "வழக்குப் போடலாமா?" என்றான் கணவன். "யாரு வீட்டுலயும் பாட்டில் வெடிக்காது இல்ல, விடு" என்றாள். சொன்னாளே தவிர, அன்று ராத்திரி நோட்டை எடுத்து அந்தக் கிழிந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் டீச்சர் வீட்டுக்கே வந்தாள். கையில் பழப்பை. கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"அக்கா, என் மேல இன்னும் கோவமா?"

லேப் அக்கா கதவருகே நின்றாள். பழக்க தோஷத்தில் வாலு நாற்காலியை இழுத்தாள்.

"நாற்காலி வேணாம்" என்றாள் அம்மா.

டீச்சரின் முகம் கறுத்தது. "பதிப்பகத்துல இன்னொண்ணு கேக்கறாங்க அக்கா. தண்ணியை வச்சு வீட்டுல செய்யற சோதனைங்க. இந்தத் தடவை உங்க பேரு முதல்ல வரும். நான் எழுதியே குடுக்கறேன். நான் செஞ்சது தப்புதான். எனக்கு வேற யாரு இருக்கா சொல்லுங்க?"

அந்தக் கடைசி வாக்கியம் உண்மையாகவே இருந்திருக்கலாம். அதைக் கேட்டு மனசு ஒரு கணம் இளகியதை லேப் அக்கா பிறகு கணவனிடம் மறைக்கவில்லை. ஒன்பது நாள் தன் வீட்டில் தூங்கிய அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

"அந்தத் தாளை என்ன பண்ணீங்க?" என்றாள்.

டீச்சர் தரையைப் பார்த்தாள். "எரிச்சுட்டேன்."

"பையன் பார்த்தானா?"

பழப்பையை வாசலில் வைக்கக் குனிந்தவளிடம், "அதையும் எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள் லேப் அக்கா. குரலை உயர்த்தவில்லை. படியில் செருப்புச் சத்தம் முதல் மாடி வரைக்கும் இறங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்து முடிக்கிற வரைக்கும் வாலு பக்கத்திலேயே நின்றாள், ஒரு கேள்வியும் கேட்காமல்.